கோபுரம் எங்கிருந்து தெரியும்? – கேள்வி பதில்

ராமேஸ்வரம் தீவில் எந்தக் கட்டடம் எந்தக் காட்சியை மறைக்கிறது என்று கணினியில் கணக்கிடுவது என் வேலை. இந்த வாரம் வந்த கேள்விகளும் பதில்களும்.

பாம்பன் மாணவி: ரத வீதிகளிலிருந்து கிழக்குக் கோபுரம் எவ்வளவு தெரிகிறது என்று வரைபடம் போட வேண்டும். இலவச எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு போதுமா அக்கா?

போதாதும்மா. அது 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் எடுத்த உயரம். ஒரு கட்டம் 30 மீட்டர். வீதி, இருபுறக் கடைகள், பின்னால் நிற்கும் லாட்ஜ் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கி, ஒரே உயரமாகிவிடும்.

நீங்களே தெருவில் நடந்து மாடிகளை எண்ணுங்கள். மாடிக்கு 3 மீட்டர், கைப்பிடிச் சுவருக்கு 1 மீட்டர் சேருங்கள். கட்டட எல்லைகளை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து 1 மீட்டர் கட்டங்களாக மாற்றுங்கள். ஆள் நிற்கும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் வியூஷெட் (ஒரு புள்ளியிலிருந்து எவையெல்லாம் தெரியும் என்ற கணக்கு) ஓட்டினால் நாள் போய்விடும். திருப்பிப் போடுங்கள்: பார்வைப் புள்ளியைக் கலசத்தில் வையுங்கள், இலக்கு உயரமாக வீதியில் நிற்பவரின் கண் உயரம் 1.5 மீட்டர் கொடுங்கள். கலசம் தெரிகிற வீதிகள் ஒரே ஓட்டத்தில் வந்துவிடும். அப்புறம் கோபுரத்தின் ஒவ்வொரு நிலைக்கும் அதையே செய்து கூட்டினால், எங்கே நின்றால் எத்தனை நிலை தெரியும் என்பது கிடைக்கும்.

எல்லாம் முடிந்ததும் நேரில் போய் நில்லுங்கள். போன மாதம் ஒரு தெருமுனையில் என் வரைபடம் பாதிக் கோபுரம் தெரியும் என்றது. நின்று பார்த்தால் எதிர் மாடியில் கருப்புத் தண்ணீர்த் தொட்டி, அதன் மூடிக்கு மேலே கலசங்களின் நுனி மட்டும். தொட்டியை நான் வரையவே இல்லை. இந்த ஊரில் கோபுரத்தை மறைப்பதில் தொட்டிகளுக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் பெரிய பங்கு உண்டு.

கண் உயரத்தையும் மாற்றி ஓட்டுங்கள். 1.4 மீட்டர் சுவருக்கு மேலே உங்களுக்குத் தெரிவது, கைப்பிடித்து வரும் குழந்தைக்கோ சக்கர நாற்காலியில் வரும் பாட்டிக்கோ தெரியாது.

மதுரை வாசகர்: தனுஷ்கோடிக் கோடியில் அரிச்சல்முனையில் நின்றால் இலங்கை தெரியுமா?

எதிரே உள்ள இலங்கைக் கரை தலைமன்னார். அது 25 கிலோமீட்டர் என்றே வைப்போம். கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், பூமியின் வளைவு அந்தக் கரையில் 33 மீட்டரை மறைக்கும். காற்றில் ஒளி சற்று வளைந்து வருவதால் அது 28 ஆகக் குறையும். அந்தக் கரை தாழ்ந்த மணல். தெரியாது.

கீழக்கரை: ஒடுங்கிய சந்துகளுக்கும் வியூஷெட்தானா?

சந்துக்கு ஐசோவிஸ்ட் பொருத்தம். ஓர் இடத்தில் நின்றால் சுவர்களுக்கு நடுவே கண் எட்டும் பரப்பு எவ்வளவு என்பதுதான் அது. 1967இல் டாண்டி என்ற ஆய்வாளர் வைத்த பெயர், 1979இல் பெனடிக்ட் என்பவர் அதைக் கணக்காக்கினார். எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் முறை 2001இல் வந்தது. இதற்கான டெப்த்மேப்எக்ஸ் மென்பொருள் இலவசம். திண்ணைகளையும் வரைந்துவிடுங்கள்.

தொண்டி: க்யூஜிஐஎஸ்ஸில் வரைபடம் முழுக்க 'தெரியும்' என்றே வருகிறது.

தரவு அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில் இருக்கும். நம் பகுதிக்கான ஆள்கூற்று முறையான யூடிஎம் 44 வடக்குக்கு மாற்றுங்கள், மீட்டரில் வரட்டும்.

தேவிபட்டினம்: கடற்கரையில் ஜிபிஎஸ் உயரம் மைனஸ் 90க்கும் கீழே காட்டுகிறது. கருவி கெட்டுவிட்டதா?

இல்லை. கருவி கடல் மட்டத்திலிருந்து அளப்பதில்லை, பூமிக்குப் பதிலாக வைத்துக்கொண்ட கணித நீள்கோளத்திலிருந்து அளக்கிறது. நம் பகுதியில் கடல் மட்டமே அதற்கு அவ்வளவு கீழே இருக்கிறது. அந்த வித்தியாசத்தைச் சரிசெய்யும் ஜியாய்டு திருத்தம் செய்யாமல் வேறு உயரத் தரவோடு கலக்காதீர்கள்.

பரமக்குடி: ட்ரோன் பறக்கவிட்டு உயரம் எடுக்கலாமா?

உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் பார்த்து, அனுமதி வாங்காமல் எடுக்காதீர்கள்.

சிவகங்கை: தனுஷ்கோடியிலிருந்து இலங்கை...

மேலே பதில் இருக்கிறது.

பாம்பன் மீனவர்: தங்கச்சி, உங்கள் கணக்கு தப்பு. ராத்திரியில் தலைமன்னார் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நாங்கள் திசை வைக்கிறோம்.

நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை அண்ணே. நீங்கள் மணலில் நிற்கவில்லை. விசைப்படகின் மேல்தட்டில் ஏறினால் கண் 4 மீட்டர், அடிவானம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். கரையைவிடக் கிட்டவும் போயிருப்பீர்கள். விளக்கு உயரத்தில் இருந்தால் அதுவே போதும். வானத்தில் படரும் ஒளிக்கு நேர்கோடே தேவையில்லை.

மாணவி: அப்படியானால் காற்றில் ஒளி எவ்வளவு வளைகிறது என்று கணக்கில் கொடுக்கும் எண்ணை மாற்ற வேண்டாமா அக்கா?

நல்ல கேள்வி. மென்பொருள்கள் வழக்கமாக வைக்கும் 0.13, ஜெர்மனியில் நில அளவை செய்தபோது கணித மேதை காஸ் கண்டது. நம் கடலில் அது நேரத்துக்கு நேரம் மாறும். குளிர்ந்த நீர்மேல் சூடான காற்று நிற்கும்போது கூடிவிடும், அடிவானத்துக்குக் கீழே இருப்பது மேலே எழும்பித் தெரியும்.

மீனவர்: பகலிலும் பார்த்திருக்கிறோம். கோபுரத்தையும் லைட்ஹவுசையும் ஒரே வரிசையில் வைத்துத்தான் வலை போட்ட இடத்தைக் கண்டுபிடிப்போம். உங்கள் படத்தில் அது வருமா?

கோபுரம் 35 மீட்டர் என்றும், படகில் உங்கள் கண் 2.5 மீட்டர் என்றும் வைத்தால் 28 கிலோமீட்டர் வரை கோடு உண்டு. ஆனால் அங்கிருந்து நுனிதான், அதுவும் தூசி இல்லாத நாளில். எனக்கு அது 'தெரியும்' என்று ஒரு பச்சைக் கட்டம். அந்த மங்கலான புள்ளி கோபுரம்தான் என்று உங்களுக்குத் தெரிவது எந்தக் கட்டத்திலும் இல்லை. அந்த வரிசைகளை எனக்குச் சொல்லுங்கள் அண்ணே, கரையில் புதுக் கட்டடம் எழும்பினால் எது மறையும் என்று போட்டுப் பார்க்கலாம். காற்று அடங்கியதும் உங்கள் படகில் வருகிறேன். கண் உயரம் அளக்க டேப்பும் கொண்டு வருகிறேன்.

காரைக்குடி: அரிச்சல்முனையில்...

28 மீட்டர் மறைந்திருக்கிறது.