எழுதுவது, நடிப்பது: இரண்டில் எது கடினமான படைப்பு வேலை?

கேட்டவர் சின்ன வயதுக்காரர், இரண்டில் ஒன்றில் இறங்கலாமா என்று யோசிக்கிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். நான் பெரிய எழுத்தாளன் இல்லை, மொரீஷியஸில் தமிழ் வாத்தியார். இங்கே தேசிய நாடக விழாவில் தமிழுக்கும் ஒரு பிரிவு உண்டு. அதற்காக நாலைந்து நாடகம் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான் தகுதி.

என் நடிகர்கள் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர் மொழி. அதனால் வசனத்தைத் தமிழில் எழுதிவிட்டு, லத்தீன் எழுத்தில் இன்னொரு முறை எழுதித் தர வேண்டும். அதில் ழ, ள, ல மூன்றும் ஒன்றாகிவிடும். சர்க்கரை ஆலையை மூடியதும் வேலை போன அப்பா, "எனக்கு வழி தெரியவில்லை" என்பார். ஒத்திகையில் அது "வலி தெரியவில்லை" என்று வந்தது. யோசித்துப் பார்த்தேன், நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது. விட்டுவிட்டேன்.

நாடகத்தன்று கடைக்காரராக நடிக்க வேண்டியவர் வரவில்லை. நாலே வசனம், நானே எழுதியது, என்ன பெரிய விஷயம் என்று மேடை ஏறினேன். மூன்றாவது வசனத்தில் மூச்சு நின்றது. மேசையில் அழகாகத் தெரிந்த அந்த நீள வாக்கியத்தில் மூச்சு விட ஓர் இடம் இல்லை! பாதியில் வார்த்தை மறந்து வாயைத் திறந்தபடி நின்றேன். அப்பாவாக நடித்தவர் ரொட்டிக்கடையில் வேலை செய்பவர். என் வசனத்துக்குக் காத்திருக்காமல், கடைக்குக் கொண்டுவந்த காலிப் பையை மெதுவாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். சபையே அமைதியானது. முடிந்ததும் பலர் என் கையைப் பிடித்து, "அந்தக் கடைக் காட்சியை என்னமா எழுதியிருக்கிறீர்கள்" என்றார்கள். நான் மறுக்கவில்லை. வெட்கம்தான், ஆனால் மறுக்கவில்லை.

எழுதுகிறவன் இருபது முறை அடித்துத் திருத்தலாம், நடிகனுக்கு அந்த வசதி கிடையாது. அதற்காக எழுத்து சுலபம் என்று நான் சொல்வதாகச் சண்டைக்கு வராதீர்கள். இரண்டையும் செய்தவர் பழைய நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். அவருடைய சனீஸ்வரன் வேடத்தைப் பார்த்துப் பயந்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்ததாகவும், அதன்பின் அவர் வேடமே போடவில்லை என்றும் ஒரு கதை உண்டு. எழுத்தைப் படித்து யாருக்கும் அப்படி ஆனதாக நான் கேட்டதில்லை.

சென்னையிலிருந்து வந்த ஒருவர் என் லத்தீன் எழுத்துப் பிரதியைப் பார்த்து, "இதெல்லாம் தமிழா?" என்று சிரித்தார். 1998-இல் மொரீஷியஸின் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியபோது சண்டை போட்டு நோட்டையே திரும்பப் பெற வைத்த ஊர் இது, ஐயா. தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்களும்தான் சண்டை போட்டார்கள். அவரை ஒருநாள் என் ஒத்திகைக்கு வந்து அந்த நீள வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள்.