ஆடிப் பதினெட்டுக்கு வாருங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள் நான். சமூகவியல் முதுகலையில் 58 விழுக்காடு பெற்று, தனியார் பள்ளி ஒன்றில் பணிபுரிகிறேன். எங்கள் ஊரிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்லும் குடும்பங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். வேலையை விடாமல் செய்ய முடியுமா? எத்தனை ஆண்டுகள் ஆகும்? எம்.ஃபில். இல்லாதது ஒரு குறையா? ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டுமா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி முதுகலையில் 55 விழுக்காடு போதும், எம்.ஃபில். தேவையில்லை. பகுதிநேர ஆய்வுக்கும் இடமுண்டு. ஆனால் ஆய்வுக்கு நேரம் ஒதுக்கித் தருவதாகப் பள்ளி நிர்வாகம் தடையில்லாச் சான்று தர வேண்டும். நுழைவுத் தேர்வைவிடக் கடினமானது அந்த ஒரு தாளைப் பெறுவதுதான் என்பேன். கட்டுரை வெளியீட்டுக் கட்டாயத்தை அவ்விதிகள் நீக்கிவிட்டன. எனினும் நீங்கள் சேரும் பல்கலைக்கழகம் தனக்கென்று என்ன விதி வைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்; பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் அச்சிட்டுத் தரும் இதழ்களின் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.

சேர்க்கைக்கு முன்பே கைடை, அதாவது ஆய்வை வழிநடத்தும் ஆசிரியரைத் தேடுங்கள். உதவிப் பேராசிரியர் ஒருவர் நான்கு பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், பேராசிரியர் எட்டுப் பேரையும் மட்டுமே ஒரே நேரத்தில் வழிநடத்தலாம் என்பதால், மதிப்பெண் இருந்தும் இடமில்லாமல் காத்திருப்போர் பலர். உங்கள் தருமபுரி மாவட்டம் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருவதால் அங்கே முதலில் விசாரிப்பது இயல்பு.

சேர்ந்தபின் குறைந்தது 12 கிரெடிட் கொண்ட கோர்ஸ் ஒர்க் என்னும் பாடப் படிப்பை முடிக்க வேண்டும். அதிலும் 55 விழுக்காடு தேவை. பிறகு ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின்முன் நின்று, செய்த வேலையைக் காட்ட வேண்டும். ஆய்வேட்டைக் கைடோடு வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் மதிப்பிட்டபின் வைவா என்னும் வாய்மொழித் தேர்வு. குறைந்தபட்சம் மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு, பெண்களுக்கு அதற்கும் மேல் இரண்டு. பத்து ஆண்டுகள் இருக்கின்றனவே என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

ஆண்டுகள் கரைவது எழுதும்போது அல்ல, களத்தில். என் ஆய்வின் தொடக்கத்தில், அறுபத்துச் சொச்சம் கேள்விகள் கொண்ட படிவத்தோடு ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிராமம் ஒன்றுக்குப் போனேன். தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. திண்ணையில் பேரப்பிள்ளைகள் இருவருக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த பாட்டி, "எல்லாரும் பெங்களூருல இருக்காங்க, நீ யாரைக் கேக்க வந்தே? ஆடிப் பதினெட்டுக்கு வா" என்றார். குழுவின்முன் அடுத்த மாதமே முன்னேற்றம் காட்ட வேண்டியிருந்த எனக்கு அந்தப் பதில் இடியாக விழுந்தது. ஆடியில் போனபோது ஆட்கள் இருந்தார்கள், ஆனால் அந்தப் படிவம் உதவவில்லை: "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால், மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்தில் கழிந்ததுபோக மிச்சம் எவ்வளவு என்றுதான் அவர்களால் கணக்குச் சொல்ல முடிந்தது. படிவத்தைக் கிழித்துப் போட்டு, முன்பணத்தையே ஆய்வுக் கேள்வியாக மாற்றிக்கொள்ள எனக்கு மேலும் ஓராண்டு பிடித்தது.

உங்களுக்கு அந்த ஓராண்டு மிச்சம். சனிக்கிழமை இரவுப் பேருந்தில் யார் வந்திறங்குகிறார்கள், பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போகிறார்கள், சித்தாளாகப் போகும் பெண்ணின் கூலி யார் கைக்கு வருகிறது என்பதையெல்லாம் அருகிலிருந்தே பார்க்கிறீர்கள். ஆனால் உங்கள் தலைப்பு இப்போது ஓர் ஊரையே அள்ளுமளவு அகலமாக இருக்கிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து, இரண்டு பக்கம் எழுதி, கைடைப் பார்க்கப் போகும்போது கொண்டுசெல்லுங்கள். பள்ளி நிர்வாகத்திடம் சான்று கேட்கும் விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.