பதில்: புதுநன்மைக்கு வட்டிக்கு வாங்கலாமா?

அண்ணே, தங்கச்சிமடத்திலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகு கரையில் கிடக்க, மகள் நற்கருணையில் ஆண்டவரை முதன்முதலாக வாங்கும் புதுநன்மைக்குக் கவுன், பந்தி, பிளெக்ஸ் என்று வட்டிக்கு வாங்கவா, அடுத்த வருஷத்துக்குத் தள்ளவா என்கிறீர்கள்.

வாங்காதீர்கள். தள்ளவும் வேண்டாம். கவுனைச் சொந்தத்தில் இரவல் கேளுங்கள். எங்கள் வீட்டில் ஒரே கவுன் மூன்று பிள்ளைகளுக்கு ஓடியது, இடுப்பில் ஊக்குக் குத்தி.

பைபிளில் விடுதலைப் பயணம் 33-ஐ எடுத்துப் பாருங்கள். பாலும் தேனும் பொழியும் நாட்டுக்குப் போங்கள், தூதரை அனுப்புகிறேன், ஆனால் நான் கூட வரமாட்டேன் என்கிறார் கடவுள். கேட்டதும் மக்கள் அழுகிறார்கள், நகை போடவில்லை. அவர்களை நடத்திவந்த மோசேயோ, நீர் வராவிட்டால் எங்களை இங்கிருந்து அனுப்பவே வேண்டாம் என்று மல்லுக்கு நிற்கிறார். நாடே கைக்கு வந்தும் அப்படிக் கேட்ட மனுஷன்! நமக்குப் பந்தி இல்லையே என்று கவலை.

தனுஷ்கோடியில் 1964 புயலில் கூரை போன கோயிலைப் பார்த்திருப்பீர்கள். கூரையோடு ஆண்டவரும் போய்விட்டாரா என்ன?

ஊர் பேசும்தான். ஜூன் 15 வந்தால் கடலுக்குப் போய்விடும். முந்தின ராத்திரி பிள்ளையோடு உட்கார்ந்து, நாளைக்கு யார் வருகிறார் என்று மட்டும் பேசுங்கள். பாயசம் வீட்டிலேயே காய்ச்சலாம்.