பக்கத்துக் கடை

அன்புள்ள ஐயா,

வேலை மாறி இந்தச் சின்ன ஊருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. வியாழன்தோறும் மாலையில் கூடும் வாரச்சந்தையை நோட்டும் கையுமாகக் கவனித்து வருகிறேன். சூப்பர் மார்க்கெட்டில் வாய் திறக்காமல் பணம் கட்டுகிறவர்கள் இங்கே ஐந்து ரூபாய்க்கு அடித்துப் பேசுகிறார்கள், கொசுறும் கேட்கிறார்கள். ஏழை வியாபாரியிடம் பேரம் பேசுவது அறமா? போன வாரம் ஒரு கீரைக்கார அம்மா ‘தள்ளி நில்லுப்பா’ என்று விரட்டியது உறுத்துகிறது. சங்க காலத்து மாலைச் சந்தையான அல்லங்காடியும் இப்படித்தான் இருந்திருக்குமா?

ம.

அன்புள்ள ம.,

அல்லங்காடி மதுரைக்காஞ்சியோடு இருக்கட்டும். அந்த அம்மா விரட்டியது சரி. வேலை விட்டு வருகிற கூட்டம் ஐந்தரைக்கும் எட்டுக்கும் நடுவில்தான். அப்போது கடை முன்னால் நின்று நோட்டில் எழுதினால் வியாபாரத்தை மறைக்கிறீர்கள். நான்கு மாதத்தில் ஒரு கட்டுக் கீரை வாங்கியதாகக் கடிதத்தில் எங்குமே இல்லையே?

பேரம் பேசுகிறவர்கள் பேசட்டும். விலை கட்டாது என்றால் விற்கிறவர் ‘கட்டாதும்மா’ என்று சொல்லிவிடுவார்.

உங்கள் நோட்டில் வாங்குகிறவரும் விற்கிறவரும் மட்டும் இருக்கிறார்கள். அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே சரக்கை விற்கும் இரண்டு பேரைப் பார்த்தீர்களா? கொஞ்ச நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் அத்தை சந்தையில் தக்காளிக் கடை போட்டிருந்தார். ஒட்டன்சத்திரத்தில் சரக்கு எடுத்து, சாக்கு விரித்து, கூறு கட்டி வைப்பார். பக்கத்துச் சாக்கிலும் தக்காளிதான். ஏதோ கல்யாண வீட்டுச் சண்டையில் அந்த அக்காவுக்கும் அத்தைக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகியிருந்தது. ஆனால் அத்தை எழுந்து போக வேண்டியிருந்தால் தராசுத் தட்டை அந்த அக்கா பக்கம் திருப்பி வைப்பார். அவ்வளவுதான். தன் கூறுகள் விற்காமல் கிடக்க, அத்தையின் கூறைக் கேட்டு வந்தவருக்கு அத்தை சொன்ன விலைக்கே கொடுத்து, காசைச் சாக்குக்கு அடியில் தள்ளிவிடுவார் அந்த அக்கா. திரும்பி வந்ததும் அத்தை தட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

எனக்குப் பத்து வயது இருக்கும். அக்காவின் கூறைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம், ‘இங்க பாருங்க, பெரிய தக்காளி’ என்று கத்தினேன். அத்தை அத்தனை பேர் முன்னால் முதுகில் ஒன்று வைத்தார். ஒரு கடையில் குனிந்தவரை இன்னொரு கடைக்காரர் கூப்பிடக் கூடாது. அவராக நிமிர்ந்து ஓரடி நகர்ந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். அந்த அடி இன்னும் வலிக்கிறது, அது நியாயமான அடி.

2014இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களுக்கு என்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. படித்தவர்கள் பலர் இதை இரக்கத்தில் கொடுத்த சலுகையாகப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. முகம் பார்த்துப் பேசாத இரண்டு பெண்கள் ஒரு தராசுத் தட்டை வைத்துக்கொண்டு இவ்வளவு ஒழுங்காகக் கடை நடத்தினார்கள். யார் எங்கே உட்காரலாம் என்று முடிவெடுக்க அவர்களைவிடத் தகுதி யாருக்கு? உங்கள் ‘ஏழை வியாபாரி’ என்ற வார்த்தையிலும் அந்த இரக்கம்தான் இருக்கிறது, தம்பி. எடுத்துவிடுங்கள்.

அடுத்த வியாழன் நோட்டை வீட்டில் வைத்துவிட்டு, அந்த அம்மாவிடம் இரண்டு கட்டு அரைக்கீரை வாங்குங்கள். அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போது கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.