பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டு சொந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, அழைத்துவந்து எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வியோடு நிறுத்தியிருந்தால் கடந்து போயிருப்பேன். “நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், பெண்களுக்கு வசதியான வேலைதானே” என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு இப்போதுதான் பணி நியமனம் வந்திருக்கும், கைக்குழந்தையும் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

நேரம் ஒத்துப்போவதுதான் சிக்கலே. மற்ற அலுவலகத்துப் பெண்கள் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் பத்து மணிக்கு இருக்கையில் உட்காரலாம். நமக்கு இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கிறது. காலை உணவுத் திட்டம் வந்ததிலிருந்து என் பள்ளிப் பிள்ளைகள் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக இருக்கிறார்கள். டீச்சர்தான் பட்டினி.

நான் குடியிருப்பது திண்டுக்கல்லில். பள்ளி சாணார்பட்டிக்கு அப்பால், ஈராசிரியர் தொடக்கப்பள்ளி. தலைமையாசிரியர் வட்டார வளமையத்துக்குக் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்திதான். என்ன நடந்தாலும் வாசலைத் தாண்ட முடியாது.

அப்படி ஒரு நாளில்தான் மகளின் ஆட்டோக்காரர் போன் செய்தார். வண்டி பழுதாகிவிட்டது, வேறு ஆள் பாருங்கள் என்றார். மணி மூன்றரை. மகள் அப்போது யூகேஜி. கணவருக்கு நூற்பாலையில் இரண்டாம் ஷிப்ட், உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. மகளின் பள்ளியைக் கூப்பிட்டால், நான்கு மணிக்கு மேல் அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்றார்கள். எதிரே பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. திருத்தவில்லை.

கடைசியில் கீழ்வீட்டுத் தையல்கார அக்காவைக் கூப்பிட்டேன். ரவிக்கை தைக்கக் கொடுப்பதைத் தவிர அதிகப் பழக்கம் கிடையாது. பாதி தைத்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடினார். பள்ளியில் இவர் யாரென்று தெரியாமல் என்னிடம் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் பிள்ளையை விட்டார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் செய்வேன்.

அன்றிலிருந்து மாலையில் மகள் அவர் வீட்டில்தான். பணம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். அவருடைய மகன் அப்போது பத்தாம் வகுப்பு. அவனுக்கு இரவில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவன் பிளஸ் டூவுக்குப் போன பிறகும் ஏற்பாடு மாறவில்லை. மகள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். சீருடை முழுக்க நூல் பிசிறோடு வீட்டுக்கு வருவாள்.

“அரசுப் பள்ளி ஆசிரியை, தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா” என்று கேட்க யாராவது வருவார்கள். என் பள்ளியில் எல்கேஜி, யூகேஜி கிடையாது. ஒன்றாம் வகுப்புக்கு அவளை வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாற்றிவிட்டேன். பெயர்பெற்ற பள்ளி இல்லைதான். ஆட்டோவை நம்பி இருக்க வேண்டாம் என்பதே எனக்குப் போதும்.

விடுமுறைகள் ஒத்துப்போவது நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் தேர்தல் பணி என்று ஒன்று இருக்கிறதே! 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலுக்கு முதல் நாளே வாக்குச்சாவடிக்குப் போய் இரவு அங்கேயே தங்க வேண்டும். மறுநாள் மாலை வாக்குப்பதிவு முடிந்தாலும், மண்டலக் குழுவினர் வந்து இயந்திரங்களை வாங்கிக்கொள்ளும்வரை நகர முடியாது. நள்ளிரவில் எங்களை விடுவித்தார்கள். அந்த நேரத்தில் பெண்கள் எந்த பஸ்ஸில் போவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாக்களித்துவிட்டு விரலைப் படம் பிடித்துப் போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

உங்களுக்கு மகப்பேறு விடுப்பு ஓராண்டு. 2018-இல் என் மகள் பிறந்தபோது ஒன்பது மாதம்தான். அது முடிந்துவிட்டால், மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு இருப்பதுபோல 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பெல்லாம் நமக்குக் கிடையாது. அவசரத்துக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்புதான். ஆகவே விடுப்பு முடிவதற்குள் தெருவில் ஒரு ஆளைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். மாறுதல் கலந்தாய்வுக்குப் போனால் தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்து ஊர் ஈராசிரியர் பள்ளியைவிட, இரண்டு பஸ் மாறிப் போனாலும் ஐந்தாறு ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியே மேல்.