விலைக்கோட்டின் பக்கத்தில் நிற்கும் செவ்வகங்கள்: மண்டபம் என்னும் கடலோர ஊரிலிருந்து எழுதிய தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மகளின் மடிக்கணினித் திரையைப் படம் எடுத்து அனுப்பி, இரவெல்லாம் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், இது பங்குச்சந்தைச் சூதாட்டம்தானா, படிப்பு கெட்டுவிடாதா என்று கேட்டிருந்தீர்கள். படத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். இடப்பக்கத்தில், தேசியப் பங்குச்சந்தையின் ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்டு கணிக்கப்படும் நிஃப்டி 50 குறியீட்டின் அன்றாட இறுதி மதிப்பு ஒரு கோடாக ஏறி இறங்குகிறது. வலப்பக்கத்தில் அதே செங்குத்து அச்சை ஒட்டிச் செவ்வகங்கள் படுத்த வாக்கில் நீண்டிருக்கின்றன. பணம் கட்டி விளையாடுவதற்கான திரை இது இல்லை. கணிதப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒரு மாணவி தானே நிரல் எழுதி இதை வரைந்திருக்கிறார் என்பது, இத்தனை பிள்ளைகளுக்கு வழி சொல்லிவரும் எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அந்தச் செவ்வகங்கள் பள்ளிக் கணக்கில் வரும் நிகழ்வுச் செவ்வகம்தான். கல்லூரியில் ஹிஸ்டோகிராம் என்பார்கள். எந்த நாளில் என்ன விலை என்பதைக் கோடு சொல்லும். எந்த விலைமட்டத்தில் சந்தை எத்தனை நாள் தங்கியது என்பதைச் செவ்வகத்தின் நீளம் சொல்லும். இரண்டும் ஒரே அச்சைப் பகிர்ந்து நின்றால்தான் படத்துக்குப் பொருள் உண்டு. மகள் அதைச் சரியாகச் செய்திருக்கிறார். நாள்களை எண்ணுவதற்குப் பதில் அன்றன்று கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையை எடையாகக் கொடுத்தும் இதே செவ்வகங்களை வரையலாம். அவருடைய படத்தில் எது எண்ணப்பட்டிருக்கிறது என்று எங்கும் எழுதப்படவில்லை. நேர்முகத் தேர்வில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும் என்பதால் அச்சின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

அவர் பயன்படுத்தும் கருவிகள் சந்தைக்கு மட்டுமே உரியவை என்று தாங்கள் எண்ண வேண்டாம். படம் வரையும் மேட்பிளாட்லிப் என்னும் நிரல் நூலகத்தை 2003-இல் வெளியிட்ட ஜான் ஹண்டர் ஒரு நரம்பியல் ஆய்வாளர்; வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பார்ப்பதற்காக அதை எழுதத் தொடங்கினார். அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தை 2008-இல் வெஸ் மெக்கின்னி தொடங்கியது ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது. இன்று மருத்துவமனை, வங்கி, வானிலை ஆய்வு என எல்லா இடங்களிலும் இரண்டும் புழங்குகின்றன. சந்தை விலையில் கற்ற கை வேறு எந்தத் தரவிலும் உதவும்.

அதற்காகத் தங்கள் அச்சத்தைத் தள்ளிவிட மாட்டேன். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குகளின் வருங்கால விலையை வைத்துச் செய்யப்படும் எதிர்கால ஒப்பந்தம், ஆப்ஷன் ஆகியவற்றில் ஈடுபட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தார்கள் என்று பங்குச்சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி தன் ஆய்வில் வெளியிட்டிருக்கிறது. சராசரி நட்டம் தலைக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். எனவே ஒரு நிபந்தனை வையுங்கள்: படிப்பு முடியும்வரை பங்கு வணிகம் கூடாது, விலைத் தரவை ஆராய்வதற்குத் தடை இல்லை. தேசியப் பங்குச்சந்தையின் பழைய விலைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆகவே கற்பதற்குக் கணக்குத் தொடங்கவோ பணம் போடவோ தேவையே இல்லை. டெலிகிராமில் ‘டிப்ஸ்’ தருகிறேன் என்று வருபவர்களிடமிருந்து மட்டும் விலகியிருக்கச் சொல்லுங்கள்.

இனி மகளுக்கு நேரடியாகச் சொல்ல வேண்டியது. அவரையும் அருகில் வைத்துப் படியுங்கள்.

விலையை அப்படியே செவ்வகமாக்குவது தொடக்கநிலை. அடுத்து அன்றாட மாற்ற விகிதத்தை, அதாவது நேற்றைய விலையிலிருந்து இன்று எத்தனை விழுக்காடு நகர்ந்தது என்பதைக் கணக்கிட்டு அதற்கு ஹிஸ்டோகிராம் வரைய வேண்டும். பெரும்பாலான நாள்கள் பூஜ்யத்தைச் சுற்றி ஒரு விழுக்காட்டுக்குள் குவிந்திருக்கும். அந்தக் குவியலுக்கு வெகுதொலைவில் இடப்பக்க ஓரத்தில் 2020 மார்ச் 23 தனியாக நிற்கும். கொரோனா அச்சத்தில் நிஃப்டி ஏறத்தாழ 13 விழுக்காடு விழுந்த நாள் அது. பாடப்புத்தகத்து இயல்நிலைப் பரவலின் மணி வடிவ வளைகோட்டை அதே படத்தின்மேல் வரைந்து பார்த்தால், அந்தக் கணக்கின்படி அப்படியொரு நாள் வரவே வாய்ப்பில்லை என்று தோன்றும். ஆனாலும் அது வந்தது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இடர் மேலாண்மைப் பிரிவுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பதற்கு அந்த ஒற்றைச் செவ்வகம் போன்றவையே காரணம். அதைத் தன் சொற்களில் விளக்கத் தெரிந்த மாணவருக்கு, பத்துச் சான்றிதழ்கள் வைத்திருப்பவரைவிட மதிப்பு அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

செவ்வகத்தின் அகலத்தையும் யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும். மிக அகலமாக வைத்தால் இரண்டு குவியல்கள் ஒன்றாகத் தெரியும். மிகக் குறுக்கினால் படம் சீப்பின் பற்களைப் போல் ஆகிவிடும். தனி நிறுவனப் பங்கை எடுத்தால் இன்னொரு எச்சரிக்கை உண்டு. ஒரு பங்கு இரண்டாகப் பிரிக்கப்பட்ட நாளில், திருத்தப்படாத விலை ஒரே நாளில் பாதியாகக் குறைந்தது போலப் பதிவாகியிருக்கும்; ஹிஸ்டோகிராமில் அது 50 விழுக்காட்டு வீழ்ச்சியாக வந்து நிற்கும். விசித்திரமான செவ்வகம் எதைக் கண்டாலும் அந்தத் தேதியைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

ஐயா, தாங்கள் விசைப்படகுகளின் இறாலையும் நண்டையும் ஏலத்தில் எடுக்கும் வியாபாரி என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஏல விலைகளைக் குறித்து வைத்திருக்கும் கணக்கு நோட்டுகளை மகளிடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நிஃப்டி தரவை நாட்டில் யார் வேண்டுமானாலும் பதிவிறக்கலாம், ஆனால் மண்டபத்து நண்டு விலை யாருடைய கணினியிலும் இல்லை. தட்டச்சு செய்யத் தொடங்கியவுடன் பாடங்கள் தாமாகவே வரும். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் குறித்த சில நாள்களே தொழில் என்பதால் விலைகள் சீரான இடைவெளியில் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பதிவே இருக்காது. அந்த வெற்றிடத்தைக் கடைசி விலையால் நிரப்பிவிட்டால் மாற்றமே இல்லாத 61 நாள்கள் ஹிஸ்டோகிராமின் நடுச் செவ்வகத்தைப் பொய்யாக உயர்த்திவிடும். தடைக்கு முந்தைய விலைக்கும் பிந்தைய விலைக்கும் உள்ள வேறுபாட்டை ஒருநாள் மாற்றமாகக் கணக்கிட்டால் அதுவும் பிழை. பெரிய நண்டையும் சிறிய நண்டையும் ஒரே பட்டியலில் கலந்தால் இரண்டு குவியல்கள் எழும், தரம் பிரித்து வரைந்தால் அவை விலகி நிற்கும். இவற்றை எப்படிக் கையாண்டேன் என்று இரண்டு பக்கத்தில் எழுதி, நிரலையும் படத்தையும் சேர்த்து வைத்தால், நேர்முகத் தேர்வில் காட்டுவதற்கு அதைவிட நல்ல செயல்திட்டம் கிடைக்காது.

மேற்படிப்புக்குப் பல வழிகள் உள்ளன. சென்னைக் கணிதக் கழகத்தில் தரவு அறிவியல் முதுகலை இருக்கிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் முதுகலைக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. வீட்டிலிருந்தே தொடங்க விரும்பினால் சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டத்தில் ஜே.இ.இ. இல்லாமல் தகுதிச் சுற்று மூலம் சேரலாம், குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் கிடைக்கும். அரசு வேலைதான் வேண்டும் என்றால் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வும், மாநிலத் தேர்வாணையத்தின் புள்ளியியல் பணிகளும் இருக்கின்றன. தங்கள் ஊரிலேயே மையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், இறங்குதுறைகளில் மாதிரி எடுத்து நாட்டின் மீன்பிடி அளவை மதிப்பிடுகிறது. அதுவும் புள்ளியியல் வேலைதான்.

இவற்றோடு நான் முதலில் பரிந்துரைப்பது, ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களின் முதுகலைப் படிப்புகளுக்கான ஜாம் என்னும் பொது நுழைவுத் தேர்வின் கணிதப் புள்ளியியல் தாளை. பிப்ரவரியில் தேர்வு நடக்கும், விண்ணப்பம் பொதுவாக முந்தைய செப்டம்பரில் தொடங்கும், மாணவியருக்குக் கட்டணம் குறைவு. மகள் மூன்றாம் ஆண்டுக்குச் சென்றதும் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், இந்த விடுமுறையிலேயே நிகழ்தகவுப் பாடத்தைத் தொடங்கிவிடட்டும். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் செப்டம்பருக்கு முன் கையில் இருக்கும்படி தாங்கள் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வைத்துவிடுங்கள்.