வெள்ளத்தில் விவசாய நஷ்டம் உண்மையிலேயே சிறியதா?

கேள்வி: 2021 டிசம்பர் வெள்ளத்தில் மலேசியாவின் மொத்த நஷ்டம் 6.1 பில்லியன் ரிங்கிட், விவசாயத்துக்கு 90.6 மில்லியன்தான் என்கிறது புள்ளிவிவரத் துறை. அப்படியென்றால் விவசாயிகள் தப்பித்துவிட்டார்களா?

இல்லை. அந்த வெள்ளம் அதிகம் தாக்கியது கோலாலம்பூரும் அதைச் சுற்றிய நகரங்களும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கை. வீடும் காரும் தொழிற்சாலையும் நெருக்கமாக உள்ள இடம் என்பதால் ரிங்கிட் கணக்கில் அவைதான் பெரிதாகத் தெரியும். ஒரு கார் மூழ்கினால் பல ஆயிரம் போகும். ஒரு பாத்தி கீரை மூழ்கினால் சில நூறு. ஆனால் கீரை போட்டவருக்கு அந்த மாத வருமானமே அதுதான்.

இன்னொன்று, பயிருக்குப் பயிர் அடி மாறும். நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது, காய்கறிச் செடி ஓரிரு நாளிலேயே வாடிவிடும். நெல் கொஞ்சம் தாங்கும், ஆனால் பூக்கும் நேரத்தில் மூழ்கினால் கதிர் பதராகும். செம்பனை (எண்ணெய்ப்பனை) மரம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் தோட்டத்துக்குள் லாரி போக முடியாததால் குலைகள் அளவுக்கு மீறிப் பழுத்து, எண்ணெயில் அமிலம் கூடி, விலை இறங்கும். ரப்பர் தோட்டத்தில் மழை நாளில் பால் வெட்டவே முடியாது. நாள்கூலிக்காரருக்கு அன்று சம்பளம் கிடையாது. எனக்கு மனம் கனப்பது இவர்களை நினைத்துத்தான், ஏனென்றால் வெட்டாத பாலை யாரும் நஷ்டமாக எழுதுவதில்லை.

அப்புறம், காய்கறி விளையும் கேமரன் மலைக்கான சாலை அடைபட்டால் கோலாலம்பூர் பக்கத்துச் செலாயாங் மொத்தச் சந்தைக்கு வரத்து குறையும், விலை ஏறும். காய்கறியை இழந்தவருக்கு அந்த விலையால் ஒரு காசு லாபமில்லை, விற்க அவரிடம் சரக்கே இருக்காது.